பதினாலாம் நம்பர் காட்டுக்கு வந்த துரைசாணி

ஈப்போ நீதிமன்றத்தில் நான் மொழிபெயர்ப்பாளராகச் சேர்ந்து இருபது வருடத்துக்கு மேல் ஆகிறது. கூண்டில் நிற்பவர் தமிழில் சொல்வதை மலாயில் சொல்ல வேண்டும், நீதிபதி கேட்பதைத் தமிழில் கேட்க வேண்டும். சேர்ந்த அன்று, ஒரு சொல்லைக் கூட்டவும் மாட்டேன், குறைக்கவும் மாட்டேன் என்று உறுதி சொல்ல வைத்தார்கள். சொல்லும்போது எனக்குக் கொஞ்சம் குற்ற உணர்ச்சியாகத்தான் இருந்தது. காரணம், இந்த வேலையை நான் முதன்முதலில் செய்தது பத்து வயதில், ஒரு ரப்பர்க் காட்டுக்குள் நின்றுகொண்டு. அன்றைக்குக் கூட்டவும் செய்தேன், குறைக்கவும் செய்தேன்.

எங்கள் ரெட்டைப்பாலத் தோட்டம் சுங்கை சிப்புட்டிலிருந்து உள்ளே போகும் மண் சாலையின் கடைசியில், மலையடிவாரத்தில் இருந்தது. மலையை ஒட்டிய ரப்பர்க் காட்டுக்கு ஆபீஸ் கணக்கில் பதினாலாம் நம்பர் என்று பெயர். லயத்து வரிசை வீடுகளில் இருந்த பிள்ளைகளுக்கு அது ஏரோப்பிளான் காடு. ஜப்பான்காரன் காலத்தில் வெள்ளைக்காரர்களின் போர் விமானம் ஒன்று மழை மூட்டத்தில் அந்த மலையில் மோதி உடைந்தது. மற்றவர்கள் எல்லாரும் மலைக்கு அந்தப் பக்கம் விழ, ஒருவர் மட்டும் எங்கள் பக்கம் விழுந்து இறந்தார். எங்களுக்குத் தெரிந்தது அவ்வளவுதான். மிச்சத்தை நாங்களே சேர்த்துக்கொண்டோம். அவர் குடையோடு குதித்தார், குடை விரியவில்லை என்பான் ஒருவன். விரிந்தது, ஆனால் மரத்தில் மாட்டிக்கொண்டது என்பான் இன்னொருவன். விமானம் தொலைவில் பறக்கும் சத்தம் கேட்டாலே, அதற்குள் இருப்பவர்கள் கீழே பார்த்தால் எங்கள் லயம் எவ்வளவு பெரிதாகத் தெரியும் என்று நான் யோசித்துக்கொண்டே நிற்பேன். எங்கள் வீட்டுக் கோழிக்கூட்டின் கதவு அந்த விமானத்தின் தகடுதான். வரிசையாக ஆணி அறைந்த அந்தத் தகடு ஒரு காலத்தில் ஆகாயத்தில் பறந்தது என்பதில் எனக்கு இருந்த பெருமை எங்கள் கோழிகளுக்கு இல்லை.

அப்பாவின் மூத்த அண்ணன், என் பெரியப்பா, தோட்டத்தில் மண்டோராக இருந்தார். காலையில் ஆட்களுக்கு வேலை பிரித்துக் கொடுக்கும்போது பேசுவதோடு அன்றைய பேச்சு அவருக்கு முடிந்துவிடும். தீபாவளிக்கு முந்திய வாரம், வருடம் தவறாமல், பாராங் கத்தியை எடுத்துக்கொண்டு பதினாலாம் நம்பருக்குப் போய், அந்த வெள்ளைக்காரரைப் புதைத்திருந்த மேட்டில் புல் வெட்டிவிட்டு வருவார். இதில் வேடிக்கை என்னவென்றால், மேட்டுக்குள் ஆளே கிடையாது. சண்டை முடிந்து ஒரு வருடத்துக்குள் சிப்பாய்கள் வந்து எலும்புகளைத் தோண்டியெடுத்து, தைப்பிங்கில் இருக்கும் போர்க் கல்லறைக்குக் கொண்டு போய்விட்டார்கள். ஆள் இல்லாத இடத்தில் எதற்குப் புல் வெட்டுகிறீர்கள் என்று ஒருமுறை கேட்டேன். "புல்லு வளருதுல்ல" என்றார். 

எனக்குப் பத்து வயதான வருடம், பள்ளி விடுமுறையில் ஒரு நாள் காலை, ஆபீஸ் கணக்கரான கிராணி தன் காரில் ஒரு வெள்ளைக்கார அம்மாவைக் கூட்டிக்கொண்டு லயத்துக்கு வந்தார். எழுபது வயது இருக்கும். ஒல்லியான உடம்பு, துணித் தொப்பி, முழங்கால்வரை சாக்ஸ். கைகள் முழுக்கப் பழுப்புப் புள்ளிகள். பொட்டுக் கடலையைக் கொட்டியது போல அத்தனை புள்ளிகளை ஒரே ஆளிடம் நான் பார்த்ததில்லை. துரைசாணி வந்திருக்கிறார் என்று லயமே வாசலுக்கு வந்துவிட்டது. அவர் அந்த விமானக்காரரின் அக்கா என்றார் கிராணி. தைப்பிங்கில் தம்பியின் பெயர் எழுதிய கல்லைப் பார்த்துவிட்டார், தம்பி விழுந்த இடத்தையும் பார்க்க வேண்டும் என்று வந்திருக்கிறார்.

பெரியப்பாவை ஆள் விட்டுக் கூப்பிட்டார்கள். அவர் வருவதற்குள் துரைசாணி எங்கள் கோழிக்கூட்டைக் கண்டுபிடித்துவிட்டார். யாரும் காட்டவில்லை. சும்மா சுற்றிப் பார்த்துக்கொண்டே வந்தவர் அந்தக் கதவின் முன்னால் நின்றார். தகட்டில் இருந்த ஆணித் தலைகளை ஒவ்வொன்றாக விரலால் தொட்டுக்கொண்டே போனார். கோழி எச்சம் விரலில் ஒட்டியது. அம்மாவுக்கு மானம் போய்விட்டது. ஓடிப்போய் ஈரத் துணியைக் கொண்டுவந்து நீட்டினார். துரைசாணி துணியை வாங்கி, கையைத் துடைக்காமல், அந்தத் தகட்டைத் துடைத்தார். பிறகு நன்றி சொல்ல, தனக்குத் தெரிந்த ஒரே மலாய்ச் சொல்லை எடுத்து, "தெரிமா காசே" என்றார்.

பெரியப்பா வந்து, தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்துக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். பதினாலாம் நம்பருக்குப் போவதென்று முடிவானது. ஓடைப் பாலம் வரைக்கும் கிராணியும் கூடவே வந்தார். பாலத்துக்கு அந்தப் பக்கம் முதல்நாள் மழையில் ஈரமாகக் கிடந்தது. புல் நுனியில் அட்டைகள் நிமிர்ந்து நின்று ஆடின. அதைப் பார்த்ததும் கிராணிக்கு ஆபீசில் முடிக்காமல் வைத்திருந்த ஆட்கணக்கு செக்ரோல் வேலை ஞாபகம் வந்துவிட்டது.

"யாரு இங்கிலீஷ் பேசுறது?" என்றார் பெரியப்பா.

பின்னாலேயே வந்துகொண்டிருந்த என்னைக் கிராணி பிடித்து முன்னால் தள்ளினார். "இந்தா, இங்கிலீஷ்ல பரிசு வாங்குன புள்ள இருக்கே. நீ போ லா. பயப்படாத."

ஆங்கிலப் பாட்டு ஒப்பிக்கும் போட்டியில் நான் இரண்டாம் பரிசு வாங்கியது உண்மைதான். போட்டியில் கலந்துகொண்டது மூன்று பேர் என்பதை நான் வீட்டில் சொல்லவில்லை.

காட்டுக்குள் நடக்கும்போது துரைசாணி என்னிடம் நிறையக் கேட்டார். என் பெயர் என்ன, எந்த வகுப்பு, இந்த மரங்களிலிருந்து எப்படிப் பால் வருகிறது. பாதி புரிந்தது, மீதிக்கு "யெஸ்" என்றேன். தன் தம்பிக்கு இருபத்தொரு வயது என்றும், அம்மா சீக்கிரம் இறந்ததால் தானே அவனை வளர்த்ததாகவும் சொன்னார். இது நன்றாகப் புரிந்தது. பெரியப்பாவிடம் சொன்னேன். அவர் திரும்பிப் பார்க்காமல், "ம்" என்றார். நடை மட்டும் கொஞ்சம் மெதுவானது.

மேடு, ரப்பர் மரங்கள் முடிந்து காடு தொடங்கும் இடத்தில், ஓடைக் கரையில் இருந்தது. தீபாவளிக்கு இன்னும் நாள் இருந்ததால் புல் வளர்ந்திருந்தது. பெரியப்பாவுக்கு அது பெரிய குறையாகப் போய்விட்டது. வந்த வேகத்தில் குனிந்து புல்லை வெட்டத் தொடங்கினார். வெட்டி முடிக்கும்வரை துரைசாணி தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். இங்கேதான் புதைத்தார்களா, இங்கேதானா என்று இரண்டு மூன்று தடவை என்னிடம் கேட்டுக்கொண்டார். பிறகு ஒரு வேரில் உட்கார்ந்து, பெரியப்பாவைப் பார்த்துக் கேட்டார்.

"அவங்க தம்பிய நீங்க பாத்தீங்களான்னு கேக்குறாங்க பெரியப்பா."

"பாத்தேன். எனக்கு அப்ப உன் வயசு."

சொன்னேன். துரைசாணி தொப்பியை மடியில் வைத்து அடுத்த கேள்வியைக் கேட்டார். கேட்டபோது குரல் சின்னதாக இருந்தது.

"விழுந்த ஒடனே செத்துட்டாரான்னு கேக்குறாங்க."

பெரியப்பா பாராங்கில் ஒட்டியிருந்த புல்லை விரலால் வழித்தார். வழித்துக்கொண்டே இருந்தார். "ஒடனே போயிட்டாரு. ஒண்ணும் கஷ்டப்படலன்னு சொல்லு."

அதை ஆங்கிலத்தில் சொல்ல எனக்கு வந்தது நாலைந்து சொற்கள்தான். சொன்னேன். துரைசாணி தலையை ஆட்டினார். பிறகு தோள் பையிலிருந்து மடித்து மடித்துப் பழுப்பேறிய ஒரு காகிதத்தை எடுத்தார். எலும்புகளை எடுத்துப் போன சிப்பாய்கள் அடித்து வைத்த அறிக்கை. அதைப் படிக்காமலேயே, மனப்பாடமாகச் சொன்னார். எனக்குப் புரியாதபோது கையால் காட்டினார். தன் இடது காலைத் தொட்டார், இரண்டு விரலை இரண்டு குச்சிபோல வைத்தார், சுற்றிச் சுற்றிக் கட்டுவதுபோல் செய்தார். துணி என்றார். சிவப்பு என்றார்.

எனக்குப் புரிந்துவிட்டது. துப்புத் துலக்கியவளைப்போல உற்சாகமாகச் சொன்னேன். "பெரியப்பா, அவர் கால்ல குச்சி வச்சு, செவப்புத் துணியால கட்டுப் போட்டிருந்துச்சாம். செத்துப்போனவங்களுக்கு யாரும் கட்டுப் போட மாட்டாங்களாம். அத யாரு கட்டுனதுன்னு கேக்கத்தான் இவ்ளோ தூரம் வந்தாங்களாம்."

பெரியப்பா அப்படியே குந்திவிட்டார்.

"அப்ப இவங்களுக்கு முன்னாடியே தெரியும்" என்றார்.

"என்ன பெரியப்பா தெரியும்?"

"எங்கம்மா கட்டுனதுன்னு சொல்லு."

பெரியப்பாவின் அம்மா என்றால் என் அப்பாவைப் பெற்றவர். நான் பிறப்பதற்கு முன்பே இறந்துவிட்டார். அவரைப் பற்றி எங்கள் வீட்டில் பேச்சு எடுத்தது குறைவு. அன்று பெரியப்பா பேசியதுபோல் அதற்கு முன்னும் பேசவில்லை, பின்னும் பேசவில்லை.

"மழை விட்ட பொறவு அம்மா வெறகு பொறுக்க இங்க வந்தாங்க. நானும் கூட வந்தேன். அந்தா, அந்த ஓடைப் பள்ளத்துல கெடந்தாரு. காலு திரும்பிப் போய்க் கெடக்கு. உசுரு இருந்துச்சு. அம்மா என்னயக் கத்தாதன்னாங்க. கட்டியிருந்த சீலையிலயே கிழிச்சு, குச்சி வச்சுக் கட்டுனாங்க. மேல தழைய வெட்டிப் போட்டு மூடிட்டு வந்தோம்."

கொஞ்சம் கொஞ்சமாக நிறுத்தி, நான் சொல்லி முடிக்கும்வரை காத்திருந்து, மறுபடி தொடர்ந்தார். "மறுநாளு பால் வாளியில கஞ்சி வச்சு, மேல கந்தத்துணி போட்டு மூடி எங்கிட்டக் குடுத்தனுப்புனாங்க. ஜப்பான்காரன் லயத்துக்குள்ள வந்து எல்லார் வீட்டயும் கலைச்சுப் போட்டுட்டுத்தான் போனான். ஆளு எங்கயாச்சும் இருந்தா சொல்லு, இல்ல தலை இருக்காதுன்னான். அம்மா கைப்புள்ளய இடுப்புல வச்சுக்கிட்டு, தெரியாதுன்னாங்க."

அந்தக் கைப்பிள்ளை என் அப்பா என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. உடனே அதையும் ஆங்கிலத்தில் சேர்த்துச் சொன்னேன். துரைசாணி என்னை ஒரு புது ஆளைப் பார்ப்பதுபோல் பார்த்தார்.

"ரெண்டு நாளு இருந்தாரு. ரெண்டாம் நாளு பொழுது சாயறதுக்குள்ள போயிட்டாரு. அம்மா பக்கத்துலதான் இருந்தாங்க. கையப் புடிச்சுக்கிட்டே கெடந்தாரு. சாரி, சாரின்னு சொல்லிக்கிட்டே இருந்தாரு. எங்களுக்கு ஏது இங்கிலீஷு? சீலையக் கிழிச்சதத்தான் சொல்றாருன்னு நெனச்சுக்கிட்டு அம்மா, பரவால்ல தம்பி, பழய சீலதான், பழய சீலதான்னு தலயத் தடவி விட்டாங்க."

இதைச் சொல்வது எனக்கு எளிதாக இருந்தது. சாரி இரண்டு மொழியிலும் எனக்குத் தெரிந்த சொல். நெவர் மைண்ட், ஓல்ட் சாரி என்றேன். துரைசாணிக்கு முதலில் விளங்கவில்லை. விளங்கியதும் சிரித்துவிட்டார். வாய் சிரித்தபடியே இருக்க, கண்ணீர் கன்னத்தில் இறங்கிக் கழுத்துவரை போனது. ஒருவர் ஒரே சமயத்தில் இரண்டையும் செய்ய முடியும் என்பது எனக்குப் புதிதாக இருந்ததால் வைத்த கண் வாங்காமல் பார்த்தேன். ஒடனே போயிட்டாருன்னு ஏன் மொதல்ல சொன்னீங்க என்று பெரியப்பாவிடம் கேட்கவும் வாயெடுத்தேன். அவர் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டேன்.

கொஞ்சம் கழித்து துரைசாணி மூக்கைச் சிந்திவிட்டு, உங்கள் அம்மா எதற்காக இவ்வளவு ஆபத்தான காரியத்தைச் செய்தார் என்று கேட்டார். ஒரு பிள்ளை இடுப்பில், ஒரு பிள்ளை பக்கத்தில். அவருக்குப் பயமில்லையா?

"பயந்தாங்க" என்றார் பெரியப்பா. "நானே கேட்டேன். அம்மா சொன்னாங்க, உங்கப்பா சயாமுல எங்க கெடக்குறாரோ, அங்க ஒரு பொம்பள அவருக்கு ஒரு வாய்த் தண்ணி குடுக்க வேணாமான்னு."

தாத்தா சயாமுக்குப் போயிருக்கிறார் என்பது எனக்குப் பழைய செய்தி. எங்கள் வீட்டில் அதை எப்போதும் அப்படித்தான் சொல்வார்கள், போயிருக்கிறார் என்று. போய்விட்டார் என்று யாரும் சொன்னதில்லை. தாத்தாவுக்கு வருடத் திதி கிடையாது. அப்பாவின் அம்மா கடைசிவரை பூவும் பொட்டுமாக இருந்துதான் போய்ச்சேர்ந்தார் என்று அம்மா சொல்லக் கேட்டிருக்கிறேன். ஆகவே தாத்தா சயாமில் நல்ல வேலையில் இருக்கிறார், ஏதோ கோபத்தில் வராமல் இருக்கிறார் என்று நானாக ஒரு கணக்குப் போட்டு வைத்திருந்தேன். சயாமிலிருந்து வரும்போது எனக்கு என்ன வாங்கி வருவார் என்பதுகூட முடிவாகியிருந்தது.

பெரியப்பா சொன்னதை எப்படி ஆங்கிலத்தில் சொல்வது? கெடக்குறாரோ என்பதற்கு எனக்குச் சொல் தெரியாது. ஒரு வாய்த் தண்ணி என்பதும் சரியாக வரவில்லை. எல்லாவற்றையும் சுருக்கி, என் தாத்தா சயாமில் இருக்கிறார், அதனால்தான் என்று சொன்னேன்.

துரைசாணியின் முகம் மாறியது. "ரயில்வே?" என்று கேட்டார், மிக மெதுவாக.

பெரியப்பாவைக் கேட்க வேண்டும் என்றே எனக்குத் தோன்றவில்லை. தாத்தாவின் வேலை என்ன என்று அத்தனை நாள் தெரியாமல் இருந்த எனக்கு அது ஒரே நொடியில் தெரிந்துவிட்டது. ரயில்வே! தொப்பி, பச்சைக்கொடி, விசில். "யெஸ்! ரயில்வே!" என்றேன் பெருமையாக.

அந்த ரயில் பாதை என்ன என்று நான் தெரிந்துகொள்ள இன்னும் எட்டு வருடம் ஆனது. ஜப்பான்காரர்கள் தோட்டம் தோட்டமாக லாரி அனுப்பி ஆண்களை ஏற்றிக்கொண்டு போனார்கள். சயாம் காட்டில் தண்டவாளம் போட. பசியிலும் காய்ச்சலிலும் புண்ணிலும் விழுந்தவர்களை விழுந்த இடத்திலேயே தள்ளிவிட்டுப் பாதை மேலே போனது. எங்கள் தோட்டத்திலிருந்து போனவர்களில் திரும்பி வந்தது இரண்டே பேர். தாத்தாவை எங்கே கடைசியாகப் பார்த்தோம் என்று அவர்களாலும் சொல்ல முடியவில்லை.

துரைசாணி வேரிலிருந்து எழுந்து வந்து பெரியப்பாவின் எதிரில் நின்றார். பிறகு என்னிடம் கேட்டார், அவரை எங்கே புதைத்திருக்கிறார்கள் என்று.

புதைப்பது என்ற அந்தச் சொல்லைக் காலையிலிருந்து பலமுறை கேட்டிருந்தேன். நன்றாகவே புரிந்தது. புரிந்ததால்தான் எனக்குக் கோபம் வந்தது. சயாமில் உயிரோடு இருக்கும் ஆளைப் பற்றி யாராவது இப்படிக் கேட்பார்களா? பாவம், தம்பியை நினைத்து அழுத குழப்பத்தில் கேட்கிறார் என்று நினைத்துக்கொண்டேன். பெரியப்பாவின் மனம் நோகக் கூடாது என்று நானே கேள்வியைத் திருத்தினேன்.

"தாத்தா எங்க இருக்காருன்னு கேக்குறாங்க பெரியப்பா."

பெரியப்பா என்னைப் பார்த்தார். துரைசாணியைப் பார்த்தார். "தெரியலன்னு சொல்லு" என்றார்.

சொன்னேன். நான் திருத்தாமல் கேட்டிருந்தாலும் பெரியப்பாவிடம் இருந்தது அதே பதில்தான்.

துரைசாணி பையைத் திறந்தார். சிவப்புக் காகிதத்தில் செய்த பூக்கள், கம்பித் தண்டோடு. அவர்கள் ஊரில் போரில் இறந்தவர்களுக்கு வைக்கும் பூ. ஒன்றை எடுத்துக் குனிந்து மேட்டில் குத்தி வைத்தார். உதடு அசைந்தது, சத்தம் வரவில்லை. இன்னொன்றை எடுத்தார். நான் அதுவும் தம்பிக்குத்தான் என்று நினைத்தேன். அதை அவர் இரண்டு கையாலும் பெரியப்பாவிடம் நீட்டினார்.

"ஃபார் யுவர் ஃபாதர்" என்றார்.

நான் மொழிபெயர்க்க வாயைத் திறப்பதற்குள் பெரியப்பா இரண்டு கையையும் நீட்டி வாங்கிக்கொண்டார். அவருக்கு அந்த அளவு ஆங்கிலம் தெரியும் என்பது எனக்குத் தெரியாது. வாங்கியவர் அதை வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று தெரியாமல் நின்றார். சட்டைப் பையில் வைத்துப் பார்த்தார், எடுத்துவிட்டார். நாலு பக்கமும் பார்த்தார். அத்தனை பெரிய காட்டில் அதை வைக்க அவருக்கு ஓர் இடம் அகப்படவில்லை. கடைசியில் மேட்டருகே முட்டி போட்டு, துரைசாணி வைத்த பூவுக்குப் பக்கத்திலேயே அதையும் குத்தி வைத்தார். மண்ணை விரலால் அழுத்தி இறுக்கினார்.

எனக்குத் தாங்கவில்லை. "பெரியப்பா, அது தாத்தாவுக்குக் குடுத்தது!"

"ஆமா."

"அப்ப வீட்டுக்கு எடுத்துட்டுப் போலாம் பெரியப்பா. நான் பத்திரமா வச்சிருக்கேன்."

"இங்கயே இருக்கட்டும்மா" என்றார். "இது அவரு பாலுக்கு மரம் வெட்டுன நெரைதான். அவருக்குத் தெரிஞ்ச எடம்."

திரும்பும் வழியில் துரைசாணி பெரியப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு ஓடைப் பாலத்தைக் கடந்தார். மொழிபெயர்க்க எதுவும் இல்லாததால் நான் பின்னால் நடந்தேன். எனக்குப் பெரியப்பாமேல் கோபம் ஆறவில்லை. மலைப் பக்கம் மேகம் கறுத்துக்கொண்டு வந்தது. மழை பிடித்தால் காகிதப் பூ ஊறி, சாயம் எல்லாம் போய்விடும். தாத்தா வந்து, எனக்கு வந்த பூ எங்கே என்று கேட்டால் நான் எதை எடுத்துக் காட்டுவது? மழைக்கு முன்னால் ஓடிப்போய் எடுத்து வந்துவிடலாமா என்று இரண்டு முறை திரும்பிப் பார்த்தேன்.